இந்துகுஷ் வித்தா, இடுக்கி வித்தா: கஞ்சா கலப்பினத்தில் இரு மலை வம்சங்கள்

இரண்டும் மலைநாட்டு வித்துகள்தான். ஆனால் ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலை இருப்பது வட அட்சரேகை 35 டிகிரியை ஒட்டி. இடுக்கி 10 டிகிரியை ஒட்டி. வேறுபாடெல்லாம் இங்கிருந்தே கிளம்புகிறது.

ஆப்கானிஸ்தானில் குளிர் இறுகும் முன் செடி முற்றியாக வேண்டும். அதனால் குட்டையாக, அகன்ற இலையோடு வளர்ந்து, பகல் குறையத் தொடங்கியதும் பூத்து, ஏழெட்டு வாரத்தில் முடித்துவிடும். அங்கே காய்ந்த செடியைத் துணிமேல் தட்டிச் சலித்துத்தான் பிசின் தூளைப் பிரிப்பார்கள். விரலில் அப்பிக்கொள்ளும் அந்தப் பிசின்தான் இந்த வம்சத்தின் சொத்து. இதன் குட்டை உருவத்துக்கும் வேகத்துக்கும் 1970-களில் கலிபோர்னியாவில் உருவான 'ஸ்கங்க் நம்பர் 1' என்ற கஞ்சாக் கலப்பினம் சாட்சி: நெட்டையான கொலம்பிய, மெக்சிகோ வகைகளைக் குட்டையாக்கி, பூக்கும் காலத்தையும் சுருக்கியது அதில் கலந்த ஆப்கான் வித்து.

இடுக்கியில் பகல் நீளம் ஆண்டு முழுக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் மாறாது. செடிக்கு அவசரமில்லை, நெடுநெடுவென வளர்ந்து, ஒடுங்கிய இலையோடு நிதானமாகப் பூக்கும். பூங்கொத்து காற்றோட்டமாக இருப்பதால் ஈரத்தில் சுலபமாகப் பூஞ்சை பிடிக்காது. இந்துகுஷ் செடியின் இறுகிய கொத்தோ மழையில் உள்ளிருந்தே அழுகும்.

சீக்கிரம் முற்ற இந்துகுஷ், ஈரம் தாங்க இடுக்கி. ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், நான் இடுக்கியைச் சொல்வேன். இந்துகுஷ் மரபு மேலைநாட்டுக் கலப்பினங்கள் பலவற்றில் ஏற்கெனவே பரவிவிட்டது. இடுக்கிச் செடியோ 1985 போதைப்பொருள் சட்டப்படி கண்ட இடத்தில் அழிக்கப்படுவது. போதாக்குறைக்கு, காற்றில் மகரந்தம் பறக்கும் பயிர் இது. வெளிவிதை ஒன்று பக்கத்தில் பூத்தாலே பழைய வம்சம் கலங்கிவிடும்.