லாங்யேர்பியென்: ஓஸ்லோவில் ஏறுவதா, டிரோம்சோவில் ஏறுவதா?

வழக்கமான பயணிகள் விமானம் போய்வரும் உலகின் வடகோடி விமான நிலையம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள லாங்யேர்பியென்; 78 டிகிரி வடக்கு. நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவிலிருந்து நேராகப் போகலாம், அல்லது வடநார்வேயிலுள்ள டிரோம்சோ போய் அங்கிருந்து ஏறலாம். நான் டிரோம்சோ வழியில் போனேன். மறுபடி போனாலும் அதுதான்.

தூரத்தைப் பார்த்துவிடுவோம். ஓஸ்லோவிலிருந்து வான்வழி சுமார் 2,010 கி.மீ., ஏறக்குறைய மூன்று மணி நேரம். டிரோம்சோவிலிருந்து சுமார் 960 கி.மீ., ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தூரம் பாதிகூட இல்லை, நேரமோ பாதியைத் தாண்டுகிறது. மேலேறவும் கீழிறங்கவும் ஆகும் நேரம் குறைவதில்லையே. டிரோம்சோ கிட்டத்தட்ட போகும் வழியிலேயே இருப்பதால், அதைத் தொட்டுப் போனால் கூடுவது எழுபது கி.மீ.க்குள்தான். காத்திருப்பதில்தான் நேரம் போகும். அவசரமென்றால் ஓஸ்லோ நேர் விமானம் நல்லது, அதில் சந்தேகமில்லை.

என்னை டிரோம்சோ பக்கம் இழுத்தது வானிலை. கோடையில் லாங்யேர்பியென்னை மூடுபனி திடீரென்று மூடும். இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் ஒதுங்க இடமில்லை. நார்வேயின் பெருநிலத்துக்கும் லாங்யேர்பியென்னுக்கும் நடுவே இருப்பது பியோர்னோயா என்ற சின்னத் தீவு. அங்கே வானிலை நிலையம் உண்டு, பயணிகள் ஜெட் இறங்க ஓடுதளம் கிடையாது. அதனால் விமானம் வடநார்வேக்குத்தான் திரும்ப வேண்டும். ஓஸ்லோவில் ஏறியவர் அறை, துணிமணி எதுவும் ஏற்பாடு செய்யாத ஊரில் இரவு தங்க நேரலாம். டிரோம்சோவில் ஏறியவர் காலையில் விட்டுவந்த ஊருக்கே திரும்புகிறார்.

புறப்பாடு தள்ளிப்போனாலும் இதே கதைதான். டிரோம்சோ நிலையம் நகர மையத்திலிருந்து ஐந்து கி.மீ.; ஓஸ்லோவின் கார்டர்மோயன் விமான நிலையம் ஏறக்குறைய ஐம்பது. எங்கள் விமானம் மூடுபனியால் மதியத்துக்குத் தள்ளிப்போனபோது நான் ஊருக்குள் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போய் ஏறினேன். ஓஸ்லோவாக இருந்தால் நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். ஆகவே முதல்நாளே டிரோம்சோ போய்த் தங்குங்கள். அதே நாளில் மாறுவதானால் இரண்டு பறப்பையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள்.

ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்கு, வெளியே. எந்த வழியானாலும் பாஸ்போர்ட் சோதனை உண்டு. ஓஸ்லோவில் கிளம்பி டிரோம்சோவில் நின்று போகும் விமானமானால் அங்கே இறங்கிக் காட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வாங்குவது கட்டாயம். இல்லாவிட்டால் தீவிலிருந்து பெருநிலத்துக்குத் திரும்ப முடியாது.

நான் சொல்வதெல்லாம் கோடை அனுபவம். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. அந்த மாதங்களில் போய்வந்தவர்களையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.