புதுச்சேரியில் பஃபே: ரிசார்ட்டா, டவுன் ஹோட்டலா?

மே மாத விடுமுறையில் மூன்று நாள் புதுச்சேரியில் இருந்தோம். நான், மனைவி, அம்மா, ஒன்பது வயது மகன். மூன்று நாளில் மூன்று வகை பஃபே பார்த்தாயிற்று: தங்கிய இடத்தின் காலை பஃபே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் இரவு பஃபே, டவுனுக்குள் ஒரு நடுத்தர ஹோட்டலின் மதிய பஃபே. என் ஓட்டு மதிய பஃபேக்குத்தான். விலை குறைவு என்பதற்காக மட்டும் இல்லை.

காலை பஃபே பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வாடகையிலேயே சேர்ந்திருந்தால் சாப்பிடுங்கள். தலைக்கு 400 ரூபாய் தனியாகக் கேட்டால் வேண்டாம். அம்மா இரண்டு இட்லியும் அரை டம்ளர் காபியும் முடித்துக் கை கழுவிவிட்டார். "இதுக்கா நானூறு?" என்ற கேள்வி மதியம் வரை ஓடியது.

ரிசார்ட்டில் தலைக்கு 1,400, பையனுக்குப் பாதி. எங்கள் நான்கு பேருக்கு 4,900. டவுனில் 650, அங்கேயும் பையனுக்குப் பாதி, மொத்தம் 2,275. ஆனால் வரி வேறு. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களின் உணவகத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி., மற்ற இடங்களில் 5. ஆக ரிசார்ட்டில் 5,782, டவுனில் 2,389. ரிசார்ட் பில்லில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் உட்கார்ந்திருந்தது. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேட்டதும் முகம் சுளிக்காமல் எடுத்துவிட்டார்கள். கேட்காதவர் கட்டிவிட்டுத்தான் போவார்.

சரி, பணத்தை விடுங்கள். பஃபேயில் நான் பார்க்கிற விஷயம் ஒன்றே ஒன்று: ட்ரே எவ்வளவு வேகமாகக் காலியாகிறது? ஐம்பது ஐட்டம் என்று போர்டு வைப்பது எளிது. ரிசார்ட்டுக்கு நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை இரவு. அந்தப் பெரிய ஹாலில் எங்களோடு சேர்த்து ஐந்தாறு மேசைதான் நிரம்பியிருந்தது. அவ்வளவு குறைந்த கூட்டத்துக்கு ஐம்பது ஐட்டம் என்றால் எது நகரும்? பிரியாணியில் ஓரத்துச் சோறு காய்ந்து விறைத்திருந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் நீராவித் தண்ணீர் பூரி மேல் சொட்டியது. அம்மா ஒரு பூரியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எப்போ சுட்டதுடா?" என்றார். இன்னொன்றும் கண்ணில் பட்டது: புது ட்ரே வந்தபோது பழையதில் மிச்சமிருந்த குருமாவை அதன் தலையிலேயே கவிழ்த்தார்கள்.

டவுன் ஹோட்டலில் இருபது ஐட்டம்கூடத் தேறாது. ஆனால் பக்கத்து அலுவலகக்காரர்கள், ஒரு டூரிஸ்ட் வேன் கூட்டம் என்று வரிசை நின்றது. சாம்பார் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அடுத்தது கொதிக்கக் கொதிக்க வந்தது. தோசைக் கல் ஓயவே இல்லை. பையன் மட்டும் நான்கு தோசை. நாங்கள் பன்னிரண்டே முக்காலுக்குப் போனோம். இரண்டரைக்கு மேல் போனால் அங்கேயும் அடிப்பாத்திரம்தான்.

மீனுக்காக ரிசார்ட் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறை வருவதும் மீன்பிடித் தடைக்காலம் வருவதும் ஒரே சமயத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தேங்காய்த்திட்டு, கடலூர் முதுநகர் துறைமுகங்களில் படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலையும் ஏறிவிடும். அந்த மாதத்தில் பஃபே வஞ்சிரம் பெரும்பாலும் ஐஸில் பயணம் செய்து வந்ததாகத்தான் இருக்கும். எங்களுக்குக் கிடைத்த துண்டு பஞ்சு மாதிரி உதிர்ந்தது. டவுன் ஹோட்டலில் மீனே வைக்கவில்லை, கோழிக் குழம்புதான். அது எனக்கு நேர்மையாகப் பட்டது.

ரிசார்ட்டுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். நான் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் வார நாளில். சனி, ஞாயிறு சென்னை, பெங்களூரு கார்கள் வந்து நிரம்பும்போது அதே சமையல் வேறு மாதிரி இருக்கலாம். இனிப்புகளில் குறையே இல்லை. கேரமல் கஸ்டர்டை மனைவி மூன்று முறை எடுத்து வந்தார். கடற்காற்றும் பையன் ஓடி ஆடப் புல்வெளியும் டவுனில் கிடையாது. அங்கே பார்க்கிங்குக்கே கால் மணி நேரம் சுற்றினேன்.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பணம் கட்டும் முன் "ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று உள்ளே போய் இரண்டு மூடியைத் திறந்து பார்ப்பேன். இதுவரை யாரும் தடுத்ததில்லை. மனைவிதான் தெரியாதவர் போல வாசலிலேயே நின்றுவிடுகிறார்.