பல் கம்பி: ஹட்டனிலா, பேராதனையிலா?

கம்பி கட்டினால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம். 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை டொக்டரிடம் போகவேண்டும். பல் கம்பி நிபுணரைத் தேடி ஹட்டனிலிருந்து பேராதனைக்குப் போய்வந்தால் பொழுதே போய்விடும்; கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அன்றைய சம்பளமும் இல்லை. அதனால், ஹட்டனிலுள்ள பொதுப் பல் டொக்டர் முறையாகப் பயிற்சி எடுத்துக் கம்பி கட்டுவதையும் செய்வதை மனதார வரவேற்கிறேன். பால்பல் விழும் வயதில் மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் கடித்தால், கழற்றி மாட்டும் பிளேட்டாலேயே அவர் பலருக்குச் சரிசெய்துவிடலாம்.

தாடை வளர்ச்சியிலேயே கோளாறு, வேட்டைப்பல் எலும்புக்குள் சிக்கியிருக்கிறது என்றால் கதை வேறு. அதற்குப் பேராதனை பல் போதனா வைத்தியசாலை போன்ற இடத்து நிபுணர்தான் வேண்டும். எப்படியும் 7 வயதளவில் பிள்ளையை ஒருமுறை காட்டுங்கள். எந்தப் பிரச்சினை வந்தால் நிபுணரிடம் அனுப்புவீர்கள் என்று உள்ளூர் டொக்டரிடம் முதல் நாளே கேளுங்கள்.