மூன்று கோடை கண்ட காற்றுக் கயாக்: ஒட்டுப் போட்ட கையோடு எழுதியது

நேற்றுதான் ஒட்டுப் போட்டேன். பசை நன்றாகப் பிடிக்க 24 மணி நேரம் விட வேண்டும், அதுவரை ஊதக்கூடாது. சும்மா இருக்கும் நேரத்தில், "உன் கயாக் எப்படி, நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று போன மாதம் கேட்ட நண்பனுக்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கயாக் என்றால் துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு; என்னுடையது இருவர் உட்காரும், காற்றடைத்து மிதக்கவிடும் ரகம். நீளம், எடை, எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் என் வயிற்றெரிச்சல். இந்தச் சனியனுக்குக் காற்று எவ்வளவு வேண்டும் என்பதில் ஒரு நாளும் எங்களுக்குள் ஒத்துப்போனதில்லை. பக்க அறைகளுக்கு 2 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருக்கிறது. கரையில் வியர்க்க வியர்க்க அடித்து, அளவுமானி 2 காட்டியதும் மூடியைத் திருகி, தண்ணீரில் இறக்குவேன். பத்து நிமிடத்தில் தொய்ந்துபோகும். நடுவில் மடங்கி, முன்னால் இருப்பவர் முழங்கால் என் பக்கம் சரியும். முதல் வருடம் முழுக்க ஓட்டை என்றே நினைத்தேன். சோப்புத் தண்ணீர் தடவி அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒரு குமிழி வரவில்லை.

ஓட்டையே இல்லை. உள்ளே 30 டிகிரியில் இருந்த காற்று தண்ணீர் பட்டு 20 டிகிரிக்குக் குளிர்ந்தால், அந்த 2 பிஎஸ்ஐ ஏறக்குறைய ஒன்றரையாகிவிடும். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்; அதனால்தான் சின்ன வெப்ப மாற்றத்துக்கே இவ்வளவு பெரிய தொய்வு. தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி நாலு அடி அடித்தால் தீர்ந்தது. இந்த ஒரு வரியைக் கையேட்டில் போட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். ஆனால் அதில் பாதிப் பக்கம் எச்சரிக்கை முக்கோணம்தான்.

இதே கணக்கு தலைகீழாகவும் அடிக்கும். போன மாதம் சித்தப்பா குடும்பம், அக்கா குடும்பம் எல்லோரும் ஏரிக்கரையில் கூடியிருந்தோம். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சுற்றி வந்த பிறகு, சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கயாக்கை வெயிலிலேயே கரையேற்றி வைத்தோம். "இன்னும் கொஞ்சம் விறைப்பா இருந்தா நல்லா ஓடும் மாமா" என்று அக்கா மகன் வேறு நாலு அடி கூடுதலாக அடித்திருக்கிறான். காற்று 60 டிகிரிக்குச் சூடானால் 2 பிஎஸ்ஐ மூன்றரையைத் தாண்டும், அதற்கு மேல் அவன் அடித்தது. சோற்றில் கை வைத்திருக்கும்போது 'டப்'பென்று சத்தம். வலப்பக்க இணைப்பு ஒரு சாண் பிரிந்திருந்தது. சித்தப்பா மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு மோர் ஊற்றச் சொன்னார்.

தப்பு எங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடுதல் காற்றைத் தானே வெளியேற்றும் வால்வு தரைக்கு இருக்கிறது, பக்கங்களுக்கு இல்லை. ஏன் என்று செய்தவரிடம் கேட்டு எழுதினேன். "நேரடி வெயிலைத் தவிர்க்கவும்" என்று பதில் வந்தது. படகை!

சரி, நல்லதையும் சொல்ல வேண்டுமே. வாங்கும்போது நான் துடுப்புப் போடத்தான் நினைத்தேன், பறவை பார்க்க அல்ல. கரையிலிருந்து பார்த்தால் முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை தூரத்தில் மிதக்கும் ஒரு பழுப்பு உருண்டை, அவ்வளவுதான். கயாக்கில் நம் கண்ணும் கிட்டத்தட்ட அதன் உயரத்துக்கே இறங்கிவிடுகிறது. ஒரு வசந்த காலையில் நானும் அக்கா மகளும் துடுப்பை மடியில் போட்டுவிட்டுக் காற்றுப் போன போக்கில் நாணல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே மிதந்த தாய் முக்குளிப்பானின் முதுகுச் சிறகு லேசாக அசைந்தது. உள்ளிருந்து வரிபோட்ட குட்டித் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. தாய் ஒரு முறை உடம்பைச் சிலிர்த்ததும் ஒன்று தண்ணீரில் விழுந்து, அவசர அவசரமாகக் காலை உதைத்து மறுபடி ஏறிக்கொண்டது. வாய் ஓயாத பெண் அவள், அன்று கால் மணி நேரம் மூச்சுவிடவில்லை.

கையை வீசித் துடுப்புப் போட்டால்தான் பறவை எழும்புகிறது, மிதந்து வந்தால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதற்காக நாணலுக்குள் நுழையக்கூடாது. முக்குளிப்பான் கூட்டைவிட்டு நகரும்போது முட்டைகளை நீர்ப்பாசியால் மூடிவிட்டுப் போகும். பார்த்தால் அழுகிய குப்பை மாதிரி இருக்கும், தெரியாமல் கயாக்கை அதன் மேலே ஏற்றிவிடுவோம். அது கூட்டை விட்டுப் பதறி விலகினாலே நாம் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

காயவைப்பது தனி வேலை. மடிப்புக்குள் ஈரம் நின்றால் பூஞ்சை, நாற்றம். மாலையில் கயாக்கைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருப்பேன், எதிரே பட்ட மரத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அதற்கும் சிறகு நனையும். அது கால் மணியில் பறந்துவிடும், நான் இருட்டும் வரை துணியோடு நிற்பேன்.

ஆக, வாங்கலாமா? வேண்டாம். பக்க அறைக்கும் வெளியேற்று வால்வு வைத்தது கிடைத்தால் மட்டும் யோசி. என்னுடையதை இரவல் கேட்காதே, ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகள் வருகிறார்கள். பசை அதற்குள் காய்ந்துவிடும்.