கோரிடோரஸ் கெளுத்தி: பல ஆண்டுகள் வளர்த்த பிறகு ஒரு மதிப்பீடு

வெண்கலக் கோரி, மிளகுக் கோரி, பாண்டா, ஸ்டெர்பாய், பிக்மி என்று, தொட்டித் தரையில் இரைதேடும் சிறு மீன்களான கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி) கெளுத்திகளில் பல வகைகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தொட்டிக்கு இவற்றைப் போலச் சாதுவான, சலிக்காத மீன்கள் மிகக் குறைவு. ஆனால், தொட்டியின் தரை இவற்றுக்கென்று அமைந்திருக்க வேண்டும். தரை சரியாக இருந்தால் சிறு குறைகளைத் தாங்கிக்கொள்ளும். தரை கெட்டுவிட்டால் எத்தனை உயர்ந்த வடிகட்டி வைத்தும் பயனில்லை.

இவற்றைத் ‘துப்புரவு மீன்’ என்று சொல்லி விற்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. இந்தப் பேச்சால்தான் ஏராளமான கோரிகள் சாகின்றன என்று உறுதியாக நம்புகிறேன். கோரி பாசியைத் தின்று தீர்க்காது. மற்ற மீன்களின் கழிவையும் உண்ணாது. மேலே நீந்தும் மீன்கள் சிந்துவதை மட்டும் நம்பியிருக்கும் கோரி, மெல்ல மெல்ல இளைத்து இறக்கும். விலாவின் இரு பக்கமும் எலும்புத் தகடுகள் போர்த்தியிருப்பதால் அந்த இளைப்பு எளிதில் கண்ணில் படாது. மீன் கண்ணாடியோரம் வரும்போது அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். லேசாக உருண்டிருந்தால் கவலையில்லை. உள்ளே ஒட்டிப்போயிருந்தால் பல நாள் பட்டினி. வாங்கும்போதும் நான் முதலில் பார்ப்பது வயிற்றைத்தான், அடுத்து மீசையை. வயிற்றில் சிவப்புத் திட்டு தெரியும் மீனையும், அது இருக்கும் தொட்டியிலிருந்து வேறு எந்த மீனையும் வாங்குவதில்லை.

தரைக்கு வருகிறேன். கோரி தன் உணவைக் கண்ணால் தேடுவதைவிட மீசையால் தேடுவதே அதிகம். மூக்கை மணலுக்குள் கண் வரை புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, தின்னத் தக்கதை நிறுத்திக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே வெளியேற்றும். தானியத்தை முறத்தில் புடைப்பது போன்ற வேலை இது. பெரிய சரளைக்கல் பரப்பிய தொட்டியில் இந்த வேலையை அதனால் செய்யவே முடியாது. கல்லிடுக்கில் விழுந்த உணவு அதன் வாய்க்கு எட்டாமல் அங்கேயே அழுகும். கூரிய விளிம்புள்ள கல்லில் மீசை உராய்கிறது. அழுகலில் பெருகும் பாக்டீரியா அந்தக் காயத்தில் புகுந்து மீசையை அரித்துவிடுகிறது. கல்தான் காரணமா, அழுக்குதான் காரணமா என்று வளர்ப்பவர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. இரண்டும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் சேர்த்தே தவிர்க்க வேண்டும் என்பது என் நிலை.

மணல் நுண்ணியதாகவும், உருண்ட மணிகளைக் கொண்டதாகவும் இருக்க வேண்டும். ஒரு பிடியை ஈரத்தோடு உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாலே கூர்மை தெரிந்துவிடும். அதில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பும் கிளிஞ்சலும் கலந்த மணல் என்று பொருள். அது நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். நல்ல மணலைப் பலமுறை அலசி, கலங்கல் நின்ற பிறகு 3 முதல் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் போதும். அதற்கு மேல் போனால் அடியில் காற்றுப் புகாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது விரலால் மணலை மெல்லக் கிளறிவிடுகிறேன். அழுக்கு நீரை உறிஞ்சி வெளியேற்றும் சைபன் குழாயை மணலுக்குள் குத்தாமல் ஓரங்குலம் மேலே பிடித்தால் அழுக்கு மட்டும் ஏறிவரும், மணல் கீழேயே தங்கும்.

நீண்ட காலம் மணல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கோரிகள் ஓயாமல் கிளறுவதால் மணல் துகள் வடிகட்டிக்குள் போய் மோட்டாரின் சுழலியைத் தேய்த்துவிடும். உறிஞ்சும் குழாயைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, அதன் வாயில் பஞ்சு பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பிக்மி போன்ற சின்ன வகைகளுக்குப் பஞ்சு வடிகட்டியே சிறந்தது.

கூட்டம் பற்றியும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே வகையில் ஆறு மீன்களுக்குக் குறைந்தால் வளர்க்காமல் இருப்பதே நல்லது. ஒன்றிரண்டாக விடப்பட்டவை பகலெல்லாம் செடிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும். அதே மீனைப் பத்துப் பேரோடு விட்டால் நடுத்தரையில் ஊர்வலம் போகும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஓய்வெடுக்கும், உணவு தேடும்போது பக்கத்து மீனை உடலால் தொட்டு நகர்த்தும். இந்தத் தொடுகையைப் பார்த்த பிறகு ஒற்றைக் கோரியை விற்பதையும் வாங்குவதையும் என்னால் சகிக்க முடிவதில்லை. ‘வகைக்கு ஒன்றாக ஆறு’ என்பதும் கூட்டமாகாது. உயரமான தொட்டியைவிட நீளமும் அகலமும் உள்ள தொட்டியே இவற்றுக்குத் தேவை. வெண்கலக் கோரி, மிளகுக் கோரி அளவுள்ள மீன்களுக்கு 60 செ.மீ. நீளத்தைத் தொடக்கமாகக் கொள்ளலாம், 90 செ.மீ. கிடைத்தால் நடத்தையே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

எல்லாக் கோரிக்கும் ஒரே வெப்பநிலை என்று நினைப்பது ஆபத்து. மிளகுக் கோரி தென் அமெரிக்காவின் தெற்கே, லா பிளாட்டா ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது. 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும், தொடர்ந்து 28-இல் வைத்தால் வாடும். பெருவின் ஆறுகளிலிருந்து வரும் பாண்டாவுக்கும் மிதமான குளிர்ச்சியே பிடிக்கும். பிரேசிலிலும் பொலிவியாவிலும் பாயும் குவாபோரே ஆற்றின் ஸ்டெர்பாய் 26, 27 டிகிரியில் துடிப்பாக இருக்கும். தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும் தொட்டிக்கு ஸ்டெர்பாய், குளிர்ந்த அறைக்கு மிளகுக் கோரி, இடைப்பட்டதற்கு வெண்கலக் கோரி என்பதுதான் கேட்பவர்களுக்கு நான் சொல்வது. புதிதாகத் தொடங்குபவருக்கு வெண்கலக் கோரியைவிடப் பொறுமையான மீன் இல்லை.

பெயர்ச்சீட்டைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2024-இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வு பழைய கோரிடோரஸ் பேரினத்தைப் பலவாகப் பிரித்துவிட்டது. வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர் ஆனது. பாண்டாவும் ஸ்டெர்பாயும் மிளகுக் கோரியும் ஹோப்லிசோமாவுக்குப் போயின. பிக்மி காஸ்ட்ரோடெர்மஸ் ஆயிற்று. மீன் மாறவில்லை, வளர்ப்பும் மாறவில்லை. வளர்ப்பவர்கள் வாயில் எல்லாம் கோரிதான்.

விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் உணவு வில்லைகளைப் போடுவதே என் பழக்கம். ஒரே இடத்தில் போட்டால் வலுத்தவை மட்டும் தின்னும் என்பதால் தரையில் இரண்டு மூன்று இடங்களில் பிரித்துப் போடுகிறேன். வாரத்தில் ஓரிரு நாள் உறைந்த ரத்தப்புழு அல்லது டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு. காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு, அன்றிரவு அளவைக் குறைத்துவிட வேண்டியதுதான்.

திடீரென்று ஒரு கோரி அம்பு போல மேலே பாய்ந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பதறுகிறார்கள். இவற்றின் குடலின் பின்பகுதி காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சக்கூடியது. அவ்வப்போது மேலே போவது இயல்பு. அதனால் நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே சில அங்குலம் காற்றுவெளி விட வேண்டும். கூட்டம் முழுவதும் இடைவிடாமல் மேலே ஓடினால் சங்கதி வேறு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், அல்லது கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கும். இந்த நச்சுகள் இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். புதிய தொட்டியில் வடிகட்டி முதிரும் முன்னே, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் பெருகும் முன்னே, கோரியை விடக் கூடாது. மருந்திலும் கவனம் தேவை; செம்பு கலந்தவற்றையும் தாராளமாக உப்புப் போடும் வைத்தியத்தையும் நான் தவிர்த்துவிடுகிறேன்.

கூட்டாளிகளாகச் சிறிய டெட்ரா, ரஸ்போரா, கப்பி எல்லாம் பொருந்தும். ஆஸ்கர் போன்ற பெருவாய் மீன்களோடு ஒருபோதும் விடாதீர்கள். கோரியின் முதுகிலும் மார்பிலும் உள்ள முட்கள் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். விழுங்கிய மீனின் தொண்டையில் அது சிக்கினால் இரண்டும் சாகும். இதே முட்கள் வலையிலும் மாட்டும், மெல்லிய பிளாஸ்டிக் பையையும் துளைக்கும். ஒளி ஊடுருவும் டப்பாவை மூழ்கடித்து அதற்குள் மெல்ல ஓட்டிப் பிடிப்பதே நல்ல முறை. கையில் குத்தினால் சின்ன உடலுக்குப் பொருந்தாத வலி வலிக்கும்.

ஆண்டுகள் கூடக் கூட இவற்றின் இனப்பெருக்கம்தான் என்னை அதிகம் கட்டிப்போட்டிருக்கிறது. நன்றாக உண்ட பெண் மீன் மேலிருந்து பார்க்க அகன்று தெரியும். அந்த நேரத்தில் தொட்டித் தண்ணீரைவிடச் சில டிகிரி குளிர்ந்த நீரால் ஒரு பகுதியை மாற்றினால், மழைக்காலம் வந்துவிட்டதாக உணர்ந்து முட்டையிடத் தொடங்கும். ஆணின் அடிப்பகுதியில் பெண் வாயை வைக்க, இரண்டும் ஆங்கில ‘T’ எழுத்துப் போல நிற்கும். வெண்கலக் கோரியில் பெண் விந்தை வாயால் உட்கொள்கிறது, அது குடல் வழியே விரைந்து கடந்து, வயிற்றுத் துடுப்புகளைக் குவித்துப் பிடித்திருக்கும் முட்டைகளை அடைகிறது என்று 1995-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பிறகு கண்ணாடியிலோ இலையிலோ இடம் பார்த்துச் சுத்தம் செய்து, அந்த ஒட்டும் முட்டைகளைப் பதிக்கும்.

பெற்றோர் முட்டைகளைத் தின்றுவிடுவதால், அவற்றை விரலால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சிறு பாத்திரத்தில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் வைத்து விடுகிறேன். ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் பூஞ்சையைத் தடுக்கும். வெளுத்துப் பஞ்சடைந்த முட்டைகளை அன்றன்றே நீக்க வேண்டும். வெப்பத்தைப் பொறுத்து 3 முதல் 5 நாளில் பொரியும். மஞ்சள்கரு தீர்ந்ததும் மைக்ரோ புழுவும், அன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகளும் கொடுக்கலாம். குஞ்சுகளை இழப்பது பெரும்பாலும் பசியால் அல்ல, தரையில் தேங்கும் அழுக்கால்தான். குஞ்சுத் தொட்டியில் மிக மெல்லிய மணல் படலம் மட்டும் போட்டு, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் பெரும்பகுதி தேறிவிடும்.

வளர்ந்த குஞ்சுகளை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது மூடியுள்ள வாளியில், குறைந்த எண்ணிக்கையில் கொண்டு போகச் சொல்கிறேன். மிரண்ட கோரி மார்புத் துடுப்பருகே உள்ள சுரப்பியிலிருந்து நச்சுப் பொருளை வெளியேற்றும். சின்னப் பையில் நெருக்கமாக அடைத்தால் தங்கள் நஞ்சிலேயே அவை மடியக்கூடும். வழியில் தண்ணீர் நுரைப்பதைக் கண்டால் வீடு சேரும் வரை காத்திராமல், கூடவே எடுத்துச் சென்ற தொட்டித் தண்ணீருக்கு மீன்களை மாற்றிவிட வேண்டும்.