வீட்டு ஆபீஸ் ரூமுக்கு 1,68,000 ரூபாய் அழுத கதை: இன்டீரியர் வேலை கொடுக்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

மக்களே, ஆத்திரத்துல எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. 1,68,000 ரூபாய். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். அதுக்கு எனக்குக் கிடைச்சது கை வெச்சா ஆடுற ஒரு மேசை, கதவு சேராத ஒரு அலமாரி, அப்புறம் இன்னைக்குக் காலையில வந்த ஒரு எஸ்எம்எஸ்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?" அதைப் பாத்ததும் ஏறின ரத்தக்கொதிப்பு இன்னும் இறங்கல. வீட்டுல ஆபீஸ் ரூம் போடுறவங்க எதையெல்லாம் பாக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

கம்பெனி பேரைப் போடல. சித்தப்பா பையன் வக்கீல், கேஸ் போடுற வரைக்கும் பேர் வேண்டாம்னுட்டான். ஆன்லைன்ல புக் பண்ணா வீட்டுக்கே வந்து அளவெடுத்து, டிசைன் போட்டு, செஞ்சு மாட்டித் தர்றோம்னு சொல்ற இன்டீரியர் தளம். போனைத் திறந்தாலே விளம்பரமா வருமே, அந்த வகை.

நான் சென்னை மேடவாக்கத்துல இருக்கேன். அமெரிக்காவுல இருக்கிற ஒரு கம்பெனிக்குக் கணக்கு பாக்குறேன், வேலை மொத்தமும் வீட்டுலேர்ந்துதான். கொரோனா சமயத்துல டைனிங் டேபிள்ல உக்காந்தவ, அப்படியே வருஷக்கணக்கா அங்கயே உக்காந்து இடுப்பும் கழுத்தும் போச்சு. சரி, சின்ன பெட்ரூமை ஆபீஸ் ரூமா மாத்திடலாம்னு முடிவு பண்ணோம். கேட்டது ஒண்ணும் அரண்மனை இல்ல. நான் அஞ்சடி ஒரு அங்குலம். கடையில விக்கிற மேசையெல்லாம் 30 அங்குல உயரம், அதுல உக்காந்து டைப் அடிச்சா தோள் காதுக்கிட்ட வந்து நிக்கும். நாற்காலிய ஏத்தினா கால் தரையில படாது. அதனால 27 அங்குலத்துல மேசை வேணும். ஜன்னல் மேற்க பாத்தது, சாயந்திர வெயில் நேரா ஸ்க்ரீன்ல அடிக்கும், அதனால ஜன்னல் எனக்குப் பக்கவாட்டுல வரணும். ஃபைல் வைக்க ஒரு அலமாரி. கரண்ட் போனா மோடம் அணையாம இருக்க இன்வெர்ட்டர் லைன்ல ஒரு பாயின்ட். இவ்ளோதான்.

டிசைனர்னு ஒரு பையன் வந்தான். அவனைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். லேசர் மீட்டரை வெச்சு ரூமை அளந்தான். என்னை நாற்காலியில உக்கார வெச்சு, முழங்கை தரையிலேர்ந்து எவ்ளோ உயரத்துல வருதுன்னு டேப் வெச்சுப் பாத்து நோட்டுல குறிச்சான். "அக்கா, எல்லாரும் ரூமைத்தான் அளப்பாங்க. ஆளை அளக்கணும்க்கா"ன்னான். அம்மா அங்கயே விழுந்துட்டாங்க. காபி போட்டுக் குடுத்து, எந்த ஊருப்பா, அப்பா என்ன பண்றாருன்னு விசாரணை. அவனும் எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னான்.

அதுக்கப்புறம்தான் பையிலேர்ந்து அந்தப் பலகைத் துண்டை எடுத்தான். உள்ளங்கை அளவு, 18 மில்லிமீட்டர் கனம், ஓரத்துல அடுக்கடுக்கா மரத்தகடு தெளிவாத் தெரியுது. பின்னாடி ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 710. "இது மெரைன் பிளைக்கா, தண்ணி தாங்குற பிளைவுட். ஸ்டாண்டர்டு டெஸ்ட்லயே 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுப்பாங்க. நான் சொல்றதை நம்ப வேணாம். இதை வெச்சுட்டுப் போறேன், நீங்களே தண்ணியில போட்டுப் பாருங்க. உங்களுக்கு இதே போர்டுலதான் எல்லாம் வரும்." சொன்ன மாதிரியே வெச்சுட்டுப் போனான். எவர்சில்வர் டம்ளர்ல போட்டு ராத்திரி முழுக்க ஊற வெச்சேன். காலையில எடுத்தா ஒரு இழை கூடப் பிரியல. துடைச்சு வெச்சுட்டு அன்னைக்கே புக்கிங் போட்டேன். சோதிச்சுப் பாத்துக்கோன்னு பொருளையே கையில குடுத்துட்டுப் போறவனை யாருங்க சந்தேகப்படுவாங்க?

கொட்டேஷன் ஜிஎஸ்டி சேர்த்து 2,40,000. புக்கிங்குக்கு 10 சதவீதம், ஃபேக்டரியில வேலை ஆரம்பிக்க 60 சதவீதம், மாட்டி முடிச்சதும் மீதி 30. மொதல்ல 24,000 கட்டினேன். த்ரீடி படம் வந்துச்சு. என் ரூமேதான், என் ஜன்னலேதான், மேசை மேல ஒரு மணி பிளான்ட் கூட வெச்சிருந்தான். அடுத்து 1,44,000. இந்தப் பணத்தை மட்டும் வேற ஒரு அக்கவுண்டுக்குப் போடச் சொன்னாங்க, "எங்க எக்ஸிக்யூஷன் பார்ட்னர்"னு, அதாவது சாமானைச் செஞ்சு தர்றவங்களாம். கம்பெனி மெயில் ஐடியிலேர்ந்தே, கம்பெனி லெட்டர்ஹெட்லயே வந்தது. நெஃப்ட் பண்ணேன். ஆக மொத்தம் 1,68,000.

சொன்ன தேதி தாண்டி, ஒருவழியா லாரியில சாமான் வந்து இறங்குச்சு. மாட்ட வந்த பசங்க பாவம், ஃபிட்டிங் மட்டும்தான் அவங்க வேலை, எதைக் கேட்டாலும் "ஆபீஸ்ல கேளுங்க மேடம்". மேசை 30 அங்குலம்! அவ்ளோ அக்கறையா என் முழங்கையை அளந்த நோட்டு எங்க போச்சுன்னு தெரியல. அலமாரியோட பின்பலகை சுவத்துல இருந்த ரெண்டு பிளக் பாயின்ட்டையும் மறைச்சிடுச்சு, இப்ப ஹால்லேர்ந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துத்தான் லேப்டாப் ஓடுது. கூடவே குடுத்த "எர்கோனாமிக்" நாற்காலியில உக்காந்தா கொஞ்ச நேரத்துல அதுவா கீழ இறங்கிடும். இதெல்லாம் சரி பண்ணித் தர்றோம், லிஸ்ட் போட்டு அனுப்புங்கன்னாங்க. அனுப்பினேன். நல்ல வேளை, சரி பண்ற வரைக்கும் மீதி 72,000 கிடையாதுன்னு சொல்லிட்டேன்.

பெரிய விஷயம் இனிமேத்தான். மேசையில வயர் போக ஓட்டை போடணும்னு தெரு எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டேன். ட்ரில்லுல வட்ட ரம்பத்தை மாட்டி அறுத்தாரு. அறுக்க அறுக்க ஃபேன் காத்துல பொடி பறக்குது. வட்டமா ஒரு வில்லை வெளியில வந்துச்சு. அதைக் கையில எடுத்து ஓரத்தைப் பாத்தவரு, "யம்மா, இது பிளைவுட் இல்லம்மா. பார்ட்டிக்கிள் போர்டு. தூளைப் பசை போட்டு அழுத்தினது"ன்னாரு. நான் வாங்கிப் பாத்தேன். மேல, கீழ பளபளன்னு லேமினேட். நடுவுல அடுக்கே இல்ல, பழுப்புத் தூள். நகத்தால கீறினா உதிருது.

அதே டம்ளர். ஒரு பக்கம் அந்தப் பையன் குடுத்த சாம்பிள் துண்டு, இன்னொரு பக்கம் என் மேசையோட வில்லை. காலையில பாத்தா சாம்பிள் அப்படியே இருக்கு. வில்லை டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி ஊதி, லேமினேட் தனியா கழண்டு தண்ணியில மிதக்குது. போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். மழைக்காலத்துல மெட்ராஸ்ல சுவரே ஓதம் ஏறி நிக்கும், அதுல இந்த அலமாரி எத்தனை வருஷம் தாங்கும்? இப்பவே கதவோட கீல் ஸ்க்ரூ பிடிப்பு விட்டுத் தொங்குது. தூள்ல ஸ்க்ரூ எங்கேர்ந்து நிக்கும்?

டிசைனர் பையனுக்குப் போன் போட்டேன். எடுக்கல. வாட்ஸ்அப்ல கடைசியா ஒரு வரி: "நான் இப்ப அந்த கம்பெனில இல்லக்கா, சாரி." அதோட டிபி காணோம்.

கஸ்டமர் கேர் கதை தனி. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ஆள், ஒவ்வொரு தடவையும் நான் மொதல்லேர்ந்து. "உங்க சிரமம் புரியுது மேடம்." என்னம்மா புரிஞ்சுது, சொல்லுன்னா லைன்ல பாட்டு ஓடும். சண்டை போட்டதுக்கு அப்புறம் சைட் பாக்க ஒருத்தரை அனுப்பினாங்க. அவரு டம்ளரைப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "மேடம், நீங்க தண்ணியில போட்டதால வாரண்டி போயிடுச்சு." எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. வில்லையைத்தானேய்யா தண்ணியில போட்டேன், மேசையையா போட்டேன்? அம்மாவுக்கு வந்த கோபத்துல அவருக்குக் காபி கிடையாது.

அடுத்தது கொட்டேஷன் பிடிஎஃப்பைக் காட்டினாங்க. உள்கூடு "எஞ்சினியர்டு வுட்"னு இருக்காம், பக்கத்துலயே "அல்லது அதற்கு இணையானது"ன்னு இருக்காம். பிளைவுட்டும் எஞ்சினியர்டு வுட்தான், தூள்பலகையும் எஞ்சினியர்டு வுட்தான், அதனால அவங்க பொய் சொல்லலையாம். அப்ப ஐஎஸ் 710 முத்திரை போட்ட துண்டை எதுக்கு என் வீட்டுல வெச்சுட்டுப் போனீங்க? பதில் இல்ல. 1,44,000? "அது பார்ட்னர் அக்கவுண்ட் மேடம், எங்களுக்கு 24,000 மட்டும்தான் வந்திருக்கு." பார்ட்னரைக் கேட்டா, கம்பெனி என்ன ஆர்டர் குடுத்துச்சோ அதைத்தான் அடிச்சோம்ங்கிறாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கைகாட்ட, நடுவுல என் 1,68,000.

கடைசியா மனசிரங்கி ஒரு சலுகை குடுத்தாங்க. அடுத்த ஆர்டருக்கு 5,000 ரூபாய் வவுச்சர். அடுத்த ஆர்டர்! ஆனா மீதி 72,000 எங்கன்னு கேட்டு மட்டும் தவறாம போன் வருது. அதுக்கு மட்டும் நல்லாத் தமிழ் பேசுற ஆள், அதுக்கு மட்டும் நம்பர் மாறாம இருக்கு. கோர்ட்டுக்குப் போவேன்னு சொன்னேன். "எங்க டேர்ம்ஸ்படி பெங்களூருலதான் கேஸ் போட முடியும்"னு மிரட்டுறாங்க. அதெல்லாம் சும்மா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம குடியிருக்கிற மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல போடலாம். குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது. பிரச்சினை ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்ளோதான். 1915-ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்தாச்சு, வக்கீல் தம்பி நோட்டீஸ் எழுதிக்கிட்டு இருக்கான்.

சரி, விவரமா எழுதுறேன்னு சொன்னேன். தலை வலிக்குது, சட்டுனு சொல்லிடுறேன். கொட்டேஷன்ல ஒவ்வொரு பலகைக்கும் பேர், தரம், கனம் தனித்தனியா எழுதி வாங்குங்க. "எஞ்சினியர்டு வுட்", "இணையானது" இந்த ரெண்டு வார்த்தை இருந்தா அடிச்சிட்டுக் கையெழுத்து கேளுங்க. ஐஎஸ் 710-ன்னா மெரைன், ஐஎஸ் 303-ன்னா சாதா பிளைவுட், அதுல பிடபிள்யூஆர் (கொதிதண்ணி தாங்குறது), எம்ஆர் (ஈரப்பதம் மட்டும் தாங்குறது)னு வரும், எம்ஆர் தண்ணியில ஊறினா தாங்காது. முத்திரையோட சிஎம்/எல்னு ஒரு நம்பர் இருக்கும், ஐஎஸ்ஐ முத்திரை தர்ற பிஐஎஸ்ஸோட "பிஐஎஸ் கேர்" ஆப்ல போட்டா எந்தக் கம்பெனி லைசென்ஸ்னு வந்துடும். சாம்பிளைப் பாக்காதீங்க, வந்து இறங்கின பலகையோட ஓரத்தைப் பாருங்க, ஓரத்தை மூடுற பட்டை (எட்ஜ் பேண்ட்) ஒட்டியிருந்தா கீல் போட்ட குழிக்குள்ள பாருங்க. மேசை உயரத்தை அங்குலத்துல எழுதி வாங்குங்க, பிளக் பாயின்ட்டை த்ரீடி படத்துலயே குறிக்கச் சொல்லுங்க. புரொஃபார்மா பில்லுக்கு (நிஜ பில்லுக்கு முன்னாடி தர்ற மாதிரி பில்) பணம் போடாதீங்க, ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கேளுங்க, ஒப்பந்தம் போட்ட பேரும் பணம் போற பேரும் ஒண்ணா இருக்கணும். 60 சதவீதமெல்லாம் முன்னாடியே குடுக்காதீங்க. நாற்காலியைக் கடையில உக்காந்து பாத்து வாங்குங்க.

இன்னும் இருக்கு, இப்ப ஓடல.

அப்புறம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் வீட்டுக்கே வந்து வேலை செய்யுற நல்ல ஆசாரி யாராவது இருந்தா சொல்லுங்கப்பா. பலகை நானே கடைக்குப் போய் வாங்கித் தந்துடுறேன், கூலி மட்டும் பேசிக்கலாம். 27 அங்குலத்துல ஒரு மேசை, அவசரம்.