மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்: 3,180 டாலர் போச்சு

இப்போதுதான் ரிப்பேர் கடையிலிருந்து எஸ்டிமேட் வந்தது. 3,180 டாலர். கன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் போர்டு, மைக்ரோவேவ், ஏசி போர்டு, டிவி, கூலி எல்லாம் சேர்த்து. வயிறு எரிகிறது. டெக்சஸ் பக்கம் நம் ஆட்களும் ஆர்வி (மோட்டார்ஹோம் மாதிரி தங்கிப் பயணிக்கும் வண்டி) வாங்குகிறார்கள், அவர்களாவது தப்பிக்கட்டும். சர்ஜ் ப்ரொடெக்டர், அதாவது கரண்ட் கோளாறிலிருந்து வண்டியைக் காக்கும் கருவி, வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது 50 ஆம்ப் வண்டி. பிளக்கில் நான்கு பின்: இரண்டு 120 வோல்ட் லைன், ஒரு நியூட்ரல், ஒரு கிரவுண்ட். நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு லைனுக்கும் நடுவே 240 வோல்ட்தான் மிச்சம். வண்டிக்குள் ஒரு பக்கம் வோல்டேஜ் இறங்கும், மறுபக்கம் எகிறும். எனக்கு மின்னலைவிட இந்தப் பயம்தான் அதிகம்.

அதற்காகத்தான் மார்ச் மாதம், ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் தனி விற்பனையாளர் ஒருவரிடம் 189 டாலர் கொடுத்து ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் கருவி வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. நியூட்ரல் போனால் கட் ஆகுமா என்று சாட்டில் கேட்டேன். ஆகும், 132 வோல்ட்டைத் தாண்டினாலும் 104-க்குக் கீழே இறங்கினாலும் தானே துண்டித்துவிடும் என்று பதில் வந்தது. நல்ல கருவிகளில் இருக்கும் அதே எண்கள். அவற்றைப் பார்த்துத்தான் நம்பினேன். பார்சலைப் பிரித்துக் கையில் எடுத்தபோது, என்ன இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

பத்து நாள் முன்பு, சனிக்கிழமை, டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் ஒரு ஆர்வி பார்க் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்). பெடஸ்டலில் (வண்டிக்குக் கரண்ட் தரும் கம்பத்தில்) மீட்டர் வைத்துப் பார்த்தேன். 121, 122. சரியாகத்தான் இருந்தது. பிளக்கைச் சொருகினேன், கருவியில் பச்சை விளக்கு. ஏசியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் டேபிள் லாம்ப் பளீரென்று வெள்ளையாக எரிந்தது. "ஏங்க, இந்த லைட் ஏன் இப்படி எரியுது?" என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள் மைக்ரோவேவில் டப் என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகும் வாடை. நான் வெளியே ஓடி பிரேக்கரை அணைக்கும்வரை அந்தக் கருவியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பெடஸ்டலைத் திறந்தால், நியூட்ரல் ஸ்க்ரூ லூசாகிக் கருகிக் கிடந்தது. லோடு இல்லாதபோது மீட்டரில் சரியாகக் காட்டும், ஏசி இழுத்ததும் விட்டுப்போகும். அந்த நேரத்தில் துண்டிக்கத்தானே கருவி?

வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே நாலு நீல வட்டு, ஒரு சின்ன எல்இடி போர்டு. அவ்வளவுதான். கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சான ரிலே கிடையாது. அந்த வட்டுகள் கண நேர ஸ்பைக்கை உறிஞ்சும், கரண்டைத் துண்டிக்க அவற்றால் முடியவே முடியாது. துண்டிக்கும் பாகமே இல்லாத பெட்டியை, துண்டிக்கும் என்று எழுதிக்கொடுத்து விற்றிருக்கிறார்கள்!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போட்டோ அனுப்பச் சொன்னார் விற்பனையாளர். பதினோரு போட்டோ அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, கோளாறு பார்க்கில்தான், எங்கள் கருவியில் இல்லை என்றார். அவருடைய சாட்டையே எடுத்து அனுப்பினேன். அது பொதுவான தகவல்தானாம். சந்தைக்காரர்களோ, 30 நாள் தாண்டிவிட்டது, விற்பனையாளரிடமே பேசுங்கள் என்று புகாரை மூடிவிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது 15 டாலர் கூப்பன் தருகிறோம் என்றார்கள். 3,180 டாலர் போன இடத்தில் 15 டாலர் கூப்பன்! அந்தப் பொருள் இன்றைக்கும் அங்கே விற்பனையில் இருக்கிறது.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் ஜூல் எண்ணை (எவ்வளவு ஸ்பைக்கை உறிஞ்சும் என்ற அளவை) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஈஎம்எஸ் வகையாக (வோல்டேஜைக் கண்காணித்துக் கோளாறு வந்தால் கட் செய்வது), துண்டிக்கும் ரிலே உள்ளதாகப் பார்த்து, தயாரிப்பாளரிடமோ நேரில் போய்க் கேட்கக்கூடிய கடையிலோ வாங்குங்கள். சர்ஜ் ப்ரொடெக்டர்களுக்கான பாதுகாப்புத் தரமான யுஎல் 1449 முத்திரை இருக்கிறதா பாருங்கள். பிரேக்கரை அணைத்துவிட்டுச் சொருகுங்கள், வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போடுங்கள். சாட்டை சேமித்து வையுங்கள். கையில் எடுத்தால் லேசாக இருக்கும் பெட்டி உங்களிடம் இருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் அதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.